கடைசி இலக்கம்

ட்ரூனில் இறங்கும்போதே மழை.
மஞ்சள் பேருந்தை ஓட்டிவந்தவளே
பெட்டிக்கு ஒரு கை கொடுத்தாள்.
"தராசுக்காரர்தானே? என் வீட்டுக்குத்தான்.
இன்றைக்கு எனக்கு இதுதான் கடைசி ஓட்டம்."

மெங்கியா. நிலவறைக்குப் பதினொரு படி.
மேசை, ஒற்றை விளக்கு, நெம்புகோல் வைத்த அழுத்தி,
துளை துளையாய்க் குடைந்த பலகை,
துளைக்கொன்றாய்ச் செம்பு, மூக்கு மேல்நோக்கி.
எங்கள் பக்கம் இதற்கு ரவை என்று பேர்,
உப்புமா கிண்டுவதும் ரவைதான் என்றேன்.
சிரித்தாள்.
மீதியை நான் சொல்லவில்லை.

முறைப்பாடு இது:
ஒரே ரவையை மூன்று தரம் வைத்தால் மூன்று எடை.
இருநூற்றைம்பது கிரெய்ன் என்கிறது பெட்டி.
தராசு ஒருதரம் கொஞ்சம் கூட என்கிறது,
மறுதரம் குறைய,
மூன்றாம் தரம் ஒன்றும் நடவாததுபோல் சரியாக.

கையுறை மாட்டினேன்.
படிக்கல்லை இடுக்கியால் எடுத்தேன்,
விரல் பட்டால் வியர்வையும் எடைதான்.
இருபது கிராம். எண்கள் நின்றன.
பிறகு யாரும் தொடாமலே
கடைசி இலக்கம் மட்டும்
நான்கு, ஏழு, நான்கு, இரண்டு என்று
அறுந்த பல்லிவாலாய்த் துடித்தது.

கதவைச் சாத்தினோம். மூச்சை அடக்கினோம்.
விளக்கினால் இருக்குமோ என்று அதையும் அணைத்தாள்.
இருட்டில்தான் கேட்டது
சுவருக்கு அந்தப் பக்கம்
பனிப்பெட்டியின் உறுமல்.

"உள்ளே மலையாட்டு இறைச்சி," என்றாள்.
"அண்ணன் சுட்டது.
என்னுடையது பெட்டிக்கு வந்து சேரவில்லை."

பேருந்து நேர அட்டவணையை வாசிப்பதுபோல் சொன்னாள்:
செப்டம்பர் பதினான்கு, காலை ஏழே கால்.
நூற்றெண்பது மீட்டர். பக்கவாட்டாய் நின்றது.
ஒரு சாண் பின்னால் பட்டது.
நாயோடு இரண்டு நாள் இரத்தம் பார்த்துப் போனோம்.
மூன்றாம் நாள் பனி பெய்தது.

கொப்பியைத் திறந்து காட்டினாள்.
நூறு ரவையில் எழுபத்தொன்று ஒரே எடை,
பதினெட்டு கூட, பதினொன்று குறைய.
குறைந்ததும் கூடியதும் பிஸ்கட் டப்பாவில்,
கடதாசி சுட மட்டும்.

நான் கணக்குப் போட்டேன், தொழில் புத்தி.
இந்த வித்தியாசம் அந்தத் தூரத்தில்
ஒரு சுண்டுவிரல் நகத்தைத் தாண்டாது.
மருந்தின் அளவு இருக்கிறது, கூட்டின் கழுத்து இருக்கிறது,
தோள் இருக்கிறது, காற்று...
"தெரியும்," என்றாள்.
"காற்றை நிறுக்க
உங்கள் கம்பெனி தராசு விற்கிறதா?"

விற்பதில்லை.

பனிப்பெட்டியின் செருகியைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.
அதே ரவை. ஒருதரம், இருதரம், ஐந்துதரம்.
எண் அசையவில்லை.
எனக்குச் சந்தோஷம். அவளுக்கு இல்லை.
கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி முன்பு மேலே, சமையலறையில் இருந்தது.
ஏப்ரலில்தான் இங்கே இறக்கினோம்."
விரல் ஒரு வரியில் நின்றது.
"அப்படியென்றால் போன செப்டம்பரில்
தராசு சரி."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்த ரவையும்."

மழை மேல் சன்னலில் பொரிந்துகொண்டிருந்தது.
படிக்கற்களை ஒவ்வொன்றாய்
வெல்வெட் குழிகளில் படுக்க வைத்தேன்.
அதற்கு இவ்வளவு நேரம் ஆகாது.

பத்திரத்தில் ஒரு கட்டம் உண்டு:
பிழைக்குக் காரணம்.
மொட்டை எழுத்தில்
பனிப்பெட்டி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
இரண்டு தரம் வாசித்தாள். மடித்தாள்.
கொப்பிக்குள், அந்தப் பக்கத்தில் அல்ல,
அடுத்த பக்கத்தில் வைத்தாள்.

பிறகு எழுந்துபோய்ச் செருகியை மாட்டினாள்.
இறைச்சி கெட்டுவிடும் என்றாள்.