அறைக்காரர்

மல்லாவியில், வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடு.
இரண்டாவது அறைக்குப் பூச்சுக் காசு வரவேயில்லை.
அதற்குள்தான் இருக்கிறார்,
பெயின்ற் வாளியில்,
இரண்டு வெள்ளைப் பல்பின் கீழ்,
யன்னலுக்கு உரப்பை அடித்து.

பேர் சொல்லுவதில்லை நாங்கள்.
கஞ்சி என்று தொடங்கினாலே
கடைசி எழுத்தில் ஒரு பயம்.
அறைக்காரர் என்போம்.
அறைக்காரருக்குத் தண்ணி வைச்சாச்சோ.
அறைக்காரர் இண்டைக்கு வாட்டம்.

மகரகமவில் பக்கத்துக் கட்டில் குசுமலதா
பாதித் தமிழில் தவமலரின் காதுக்குள் சொன்னது:
பசி வரும் அக்கே, சோறு இறங்கும்.
விதை வந்தது மீன்லொறியில்,
நெருப்புப் பெட்டிக்குள் ஐந்து.
நாலு முளைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது நெல்லும் கச்சானும்.
நெல்லுக்கு எறிவது போல எறிந்தேன் யூரியா,
ஒரு பிடி.
மூன்றாம் நாள் இலைநுனியெல்லாம்
அடிப்பிடித்த சோற்றின் நிறம்.
கட்டிலில் கிடந்தபடி தவமலர் சொன்னாள்:
"எனக்குச் சூப்பு பருக்கிற மாதிரித்தான்
அவருக்கும் பருக்கிறியள்.
வேணுமெண்டு கேட்டவரே?"

பிறகு ஒரு கிழமை வெறும் தண்ணி.
பிறகு மீன் கழுவின தண்ணி, ஒன்றுக்குப் பத்து.
இடித்த முட்டைக்கோது.
அவள் தொடாத வாழைப்பழம், தோலோடு.
அவர் தின்றார்.
அவள் தின்னாததையெல்லாம் தின்று
உரப்பை உயரத்துக்கு வந்தார்.

பங்குனி. கரண்ட் இல்லாத இரவு.
அந்த அறைக்குள்ளால்தான் பின்கதவு.
சத்தி எடுக்க எழும்பினவள்
சுவர் என்று நினைத்துப் பிடித்தது கொப்பை.
நான் டோர்ச் அடித்தபோது
நிலத்தில் இருந்தாள்.
பெரிய கொப்பு நாரில் தொங்கியது.
முறிந்த இடம் பச்சை, ஈரம்.
மணம் ஒழுங்கை வரைக்கும் போயிருக்கும்.
எனக்குப் பொலிஸ் ஞாபகம்.
வெட்டுவம் என்றேன்.

"பொறுங்கோ.
நார் இன்னும் விடேல்லை."

மருந்துப் பையை எடுக்கச் சொன்னாள்.
ஐஸ்பழக் குச்சி இரண்டு,
கிளினிக்கில் தந்த வெள்ளைப் பிளாஸ்ரர்.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன்.
பிளந்த வாய் இரண்டும்
ஒன்றையொன்று பொருந்தும்படி தூக்கி வைத்து
இறுக்காமல், இளக்காமல் சுற்றினாள்.
மயிர் கொட்டின தலை
இலைகளுக்குள் மினுங்கியது.
அசைய விடாதேங்கோ.
மேலே ஒரு சணல் கட்டுங்கோ.
எட்டு நாளைக்குப் பசளை வேண்டாம்,
காயக்காரருக்குத் திணிக்கக் கூடாது.

அது யாருக்குச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

பதினோராம் நாள் கட்டு அவிழ்த்தோம்.
முறிவு மூட்டாகியிருந்தது,
என் பெருவிரல் மொத்தத்தில்.
நுனி மேலே பார்த்தது.

வருசத்துக்கு இரண்டு நாள் முன்னம்
கணுக்களில் மொட்டு,
எள்ளளவு, குலை குலையாய்.
மீன்லொறிக்காரன் போனில் கேட்டான்:
வெள்ளை நூல் மாதிரி ஏதும் தெரியுதோ?
இல்லை, உருண்டை.
"அண்ணை, அது ஆண்.
ஒண்டுக்கும் உதவாது. பிடுங்கி எறியுங்கோ."

அவர், அவர் எண்டு கூப்பிட்டது நாங்கள்தானே
என்று சிரித்தாள் தவமலர்.
தையல் போட்ட இடத்தைப் பொத்திப் பிடித்து,
போதும் போதும் என்று தனக்கே சொல்லிச் சொல்லி.
பசிக்கேல்லை. அதையும் சொன்னாள்.

நாளைக்கு மாங்குளத்தில் இரவு பஸ்.
மூன்று நாள் என்கிறார்கள், சிலவேளை ஐந்து.
பிடுங்கத்தான் போனேன்.
"கட்டு நான் போட்டது" என்றாள்.

அதனால் வளையில் சேலைன் போத்தல் தொங்குது,
கழுவி, கிணத்துத் தண்ணி நிரப்பி.
வாளி விளிம்பில் குழாய்.
சின்னச் சக்கரத்தை உருட்டி உருட்டி
எண்ணுகிறாள்,
நேர்ஸ்மார் போல உதடு அசைய.
நிமிசத்துக்கு நாலு துளி.
இல்லை, கூடிப்போச்சு.
மூன்று.