ஆனந்தா நீலத்தில் ஒரு சொட்டு அரக்கு

முந்தின ராத்திரியே குப்பி கத்திவிட்டது.
காலையில் தட்டைத் திறந்தால்
ரத்தத்தின் மேல் ஊதா பூத்திருக்கிறது.

பதினேழு வருடமாக ராயபுரத்தில்
இந்த ஜன்னலில்லாத அறையில்
மஞ்சள் பார்த்திருக்கிறேன், பச்சை பார்த்திருக்கிறேன்,
திராட்சை வாசம் வீசும் சீழ்கூட.
இந்த ஊதா பாடப்புத்தகத்தோடு சரி.
மை ஒழுகிவிட்டதோ என்று
சட்டைப்பையில் பேனாவைத் தொட்டுப் பார்த்தேன்.

எத்திராஜுலு, 43, ஆண்.
தீவிர சிகிச்சை, படுக்கை ஆறு.

கணேசபுரம் சுரங்கப்பாதையில்
இடுப்பளவு தண்ணீரில் ஆட்டோ தள்ளியிருக்கிறார்.
கணுக்காலில் ஏதோ கம்பி கீறியிருக்கிறது,
வெற்றிலைக் காம்பு நீளம்.
கூடத் தள்ளிய இரண்டு பேருக்கும் கீறல் உண்டு.
அவர்கள் மறுநாளே சவாரிக்குப் போய்விட்டார்கள்.

இவர் அப்படி இல்லை.
இவருக்குள் நாலு வருடமாக
அக்காவின் சிறுநீரகம் குடியிருக்கிறது.
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை:
காவல்காரன் விழித்துக்கொள்ளாமல் இருக்க.
விழித்தால் அவன் அக்காவென்றும் பார்க்கமாட்டான்.

தூங்கும் வீட்டுக்குள்
சேற்றில் சும்மா கிடந்த ஒன்று
கதவு திறந்திருந்ததால் வந்தது.
யார்மேலும் அதற்குப் பகை கிடையாது.

காய்ச்சல் ஏறியதும் மாத்திரையை நிறுத்தினார்கள்.
எழுந்தான்.
எழுந்தவனுக்குக் கண்மண் தெரியவில்லை.
ஈரலை அடித்தான், நுரையீரலை அடித்தான்,
எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம்வரை போய்
பிறக்கப்போகிறவற்றையும் விழுங்கினான்.
ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார்கள்.
இயந்திரம் 'அளவுக்கு மேல்' என்றது.
பத்து மடங்கு நீர்த்தேன். அளவுக்கு மேல்.
நூறு மடங்கில்தான் ஒரு எண் வந்தது.
பூஜ்யங்களை இரண்டு தரம் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"கிருமி பாதிதான்," என்றார் டாக்டர் ஷம்ஷாத் போனில்,
"மீதிய அவரு ஒடம்பே பண்ணுது.
ஸ்டீராய்டு போடப் போறோம்.
எந்த மருந்துக்குக் கேக்குதுன்னு சீக்கிரம் சொல்லுங்க."

திருடன் உள்ளே இருக்கும்போதே
காவல்காரனைக் கட்டிப்போட வேண்டும்.
அதற்குள் திருடன் பயப்படுகிற பெயரை
நான் கண்டுபிடிக்க வேண்டும்.
ஆறு வில்லை வைத்தேன். ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை.
நாலு வில்லையின் விளிம்புவரை ஊதா ஏறியிருந்தது.
சிப்ரோவைச் சுற்றி மட்டும்
நிலவு மாதிரி ஒரு காலி இடம்.
ஸ்கேல் வைத்தேன். முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.
போன் போட்டபோது டீக்கடைகூடத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு அக்கா வந்தார், சுகுணாதேவி.
எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு.
"அது எப்படித்தாம்மா இருக்கும்? காட்டேன்."
காட்டக் கூடாது.
டேப் ஒட்டிய தட்டைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிடித்தேன்.

சுருக்கம் நீவுகிற விரல்கள்
கண்ணாடிமேல் ஒருமுறை போய் வந்தன.
"ஊதான்னு எழுதிக்கிறீங்க.
ஊதா இல்லம்மா. கத்திரிப்பூவும் இல்ல, அது வெளிறும்.
ஆனந்தா நீலத்துல ஒரு சொட்டு அரக்கு வுட்டா வரும் இது.
போன தீபாவளிக்கு எழுபது பொடவ எறக்குனாரு மொதலாளி.
ஒண்ணுகூட போணி ஆவல."

சிரித்தார். சிரிக்கும்போதே
கை இடது விலாவுக்குக் கீழே போயிற்று,
தழும்பு இருக்கும் இடம்.
"என்னுதும் போயிடுமா?"

நான் தட்டு பார்க்கிறவள் என்றேன்.
அதுதான் உண்மை.
அதைச் சொல்லும்போது பொய் மாதிரி இருந்தது.

மதியம் தட்டைக் கொதிகலனில் போட்டோம்.
வெளியே வந்தபோது நிறமில்லை,
கருகின பாகு.

படுக்கை ஆறிலிருந்து புதுக் குப்பி வந்திருக்கிறது.
ஐந்து நாள் பொறுக்க வேண்டும்.
இது இரண்டாம் நாள் ராத்திரி.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது,
நான் குப்பி என்று நினைத்து எழுந்தேன்.