நான்காம் குழாய்

முத்துப்பேட்டைக் காயல்,
முழங்கால் வரை சேறு.
குழாயை அழுத்தி உருவினேன்:
மேலே இரண்டு விரல் பழுப்பு,
கீழே அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு.

கோரையாறு கொண்டுவந்த ஈயத்தை
அந்தக் கறுப்புதான் இறுக்கிப் பிடித்திருக்கிறது.
காற்றுப் பட்டால் கையை விட்டுவிடும்.

ஆய்வகத்தில் கடும் அமிலம்
உள்ளதை எல்லாம் கறந்துவிடும்;
மட்டியின் குடலுக்கு
அவிழ்ந்தது மட்டும்தான் கிடைக்கும்
என்று பவுனம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கால்விரலால் துழாவி
மட்டி எடுத்துக்கொண்டே கேட்டாள்:
"மொத்தக் கணக்கு கிடக்கட்டும்.
எம்புள்ள சட்டியில அவுந்தது எவ்வளவு?"

குறிப்பேட்டில் எழுதினேன்:
மாதிரி நான்கு, ஏழு பத்து, வற்றம்.

நான் பிடுங்கிய குழியிலிருந்து
கறுப்பு மெல்லக் கலங்கி
அவள் பறிப் பக்கம்
போய்க்கொண்டிருந்தது.