நான்கு கிராம்

முதலில் புல்லை மழிக்க வேண்டும்.
பனியில் ஊறிக் கனத்த புல்,
தூங்கும் பிள்ளைக்குத் தலை வாருவதுபோல் அத்தனை மெல்ல.
இருபுறமும் சிவப்புக் கயிறு, நடுவே ஒரு மீட்டர்.
அதுதான் இன்றைக்கு என் பங்கு.
சியெங்குவாங் சமவெளியை இப்படித்தான்
முழம் போட்டு அளந்துவருகிறோம்,
துணி தீராத ஒரு கடையில்.

ஜாடிகள் சும்மா நிற்கின்றன.
ஆள் உயரம், ஆளைவிட உயரம்,
ஒன்றிரண்டு என் இடுப்புக்குக்கூட வராது.
மணற்கல்லைக் குடைந்து வயிறாக்கியவர்கள்
பெயரை எங்கும் வெட்டவில்லை.
மலைச்சரிவில் பாதி செதுக்கியவை இன்னும் கிடக்கின்றன.
கூலித் தகராறோ,
உளி ஒடிந்ததோ,
அன்றைக்கு மழையோ.

போரில் வென்ற அரக்கர்கள்
சாராயம் காய்ச்சிய பானைகள் என்பது ஊர்ப்பேச்சு.
"குடித்ததில் ஒருத்தனாவது
கழுவிக் கவிழ்த்திருக்கலாம்" என்பான் தோங் வாங்.
படித்தவர்கள் வேறு சொன்னார்கள்:
இது சாவுக்குச் செய்த கலம்.
உள்ளே உடலை வைத்து, சதை கரையும்வரை காத்திருந்து
எலும்பை எடுத்து அருகிலேயே புதைத்தார்கள்.
காத்திருந்தார்கள் என்ற சொல்
எனக்கு அங்கேயே நின்றுவிட்டது.
இங்கே சாவு பிறகு வந்தபோது
யாரையும் காக்க வைக்கவில்லை.

என் அம்மா குகையில் பிறந்தவள்.
விமானச் சத்தம் கேட்டால் இன்றும்
அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அண்ணாந்து பார்ப்பாள்.
மதியம் நான் ரசம் குடிக்கும் கரண்டி
ஒரு காலத்தில் குண்டின் கூடாக இருந்தது.
நன்றாகத்தான் இருக்கிறது கரண்டி.
லேசு.

பத்தே முக்காலுக்குக் கருவி முனகியது,
மூடியில்லாத ஜாடிக்கும்
குளம்போல் தேங்கிய குண்டுக்குழிக்கும் இடையில்.
மேலிருந்து குத்தாதே, பக்கத்திலிருந்து நெருங்கு:
கை பாடம் வைத்திருக்கிறது, வாய்தான் உலர்ந்துபோகும்.
கொய்யாக்காய் அளவு இருக்கும் பொம்பி.
அரை நூற்றாண்டாக
ஒரு கால் வருமென்று படுத்திருக்கும்.
விரல் அகலம் மண்.
இன்னொரு விரல் அகலம்.
பச்சை.

பச்சை எங்கள் பாடத்தில் இல்லை.
துரு சிவப்பு, அலுமினியம் சாம்பல்.
தூரிகையால் தள்ளினேன்:
கட்டைவிரல் நகமளவு வெண்கல மணி,
நாக்கில் மண் அடைத்துக் கிடந்தது.
அதையொட்டி அரிசிபோல் மூன்று.
நான்காவதைப் பார்த்தபோதுதான்
பால்பல் என்று புரிந்தது.

கையைத் தூக்கினேன். எல்லாரும் நின்றார்கள்.
பெட்சமோன் அக்கா வந்து குந்தினாள்,
தலைக்கவசக் கண்ணாடியை உயர்த்தாமலே
வெகுநேரம் பார்த்தாள்.
அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான்,
வயலில், ஏழு வயதுவரை.
"ஆட்டிப்பார், அடிக்குமா?" என்று
கயிற்றுக்கு அப்பாலிருந்து தோங் வாங்.
ஆட்டிப்பார்க்காத தொழில் அல்லவா எங்களுடையது.

எடை போட வேண்டும், எதுவானாலும் போட வேண்டும்.
நான்கு கிராம்.
படிவத்தில் இரண்டே கட்டம்:
ஆபத்து. கழிவிரும்பு.
காலியாக விட்டுக் கொடுத்தேன்.
அருங்காட்சியகத்துக்குத் தகவல் போனது,
பல் இருந்த இடத்துக்கு ஒரு பாயைக் கூரையாக்கினோம்.

மாலையில் படிவம் திரும்பி வந்தது.
காலியிடம் செல்லாதாம்.
நின்றபடியே, வண்டியின் பானெட்டில் வைத்து
இரண்டு கட்டத்துக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேலேயே
எழுதினேன்: மணி ஒன்று.
பெட்சமோன் அக்கா படித்தாள்.
கீழே கையெழுத்துப் போட்டாள்.

நாளை அந்தப் பாயிலிருந்து இடப்பக்கம்.
புல் ஈரமாகத்தான் இருக்கும்.