கிலோ விலை

வல்லிபுரம் கழிந்து மணல்காட்டுக்குத் திரும்பும் வளைவில்
வண்டி நின்றது.
பொனற் இடுக்கால் வெள்ளை ஆவி.
பின்னால் பன்னிரண்டு பெட்டி ஐஸ்.
பத்தரைக்குக் கரைவலை ஏறிவிடும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு லாண்ட்றோவர்.
ஏதோ ஒரு திணைக்களம் கழித்ததை ஏலத்தில் எடுத்தேன்.
கதவில் இலச்சினை உரித்த வட்டம்
பச்சைக்குள் இன்னொரு பச்சையாய் இன்னும் தெரிகிறது.
மணலில் லொறி புதையும், இது புதையாது.
எனக்கு இதன்மேல் உள்ள பாசம் அவ்வளவுதான்.

நெல்லியடியில் பத்திநாதன் மூடியைக் கழற்றி
கம்பி நுனியால் குழாய் ஒன்றைச் சுரண்டினான்.
விரலில் வெள்ளை மா.
"இது கறள் இல்லை அக்கா, சுண்ணாம்பு.
எந்தக் கிணத்துத் தண்ணி விடுறனீங்கள்?"
எங்கட கிணறு. வேறெது?
போன வருசம் பெரியாஸ்பத்திரியில்
என் வலது சிறுநீரகத்தைப் படம் பிடித்தவரும்
இதே கேள்வியைத்தான் கேட்டார்.
ஒரே நிலம்,
இரண்டு பேருக்கும் ஒரே கல்.

பஞ்சிகாவத்தையில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்:
ஒரு லட்சத்து நாற்பது, இங்கிலாந்துப் பெட்டியோடு.
பெட்டி இல்லாமல் எவ்வளவு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சுன்னாகத்தில் உள்கூடு மாற்ற அறுபத்தைந்து, பத்து நாள் செல்லும்.
அலுமினியத்தில் ஒன்று முப்பத்தெட்டு,
நாலு விரல் ஒடுக்கம்,
தகரம் அடித்துப் பொருத்தலாமாம்.
வவுனியாவில் ஒன்று இருந்ததாம்
போன செவ்வாய் வரைக்கும்.
கிளிநொச்சியிலும் அப்படித்தான்.
எந்த ஊரைக் கேட்டாலும் அங்கே ஒன்று இருந்திருக்கிறது,
போன செவ்வாய் வரைக்கும்.

என்னிடம் இருபத்திரண்டாயிரம்.
அதில் ஏழு ஐஸ் கொம்பனிக்காரனுடையது.

ஐந்து சந்திக்குப் பின்னால் அஸ்வரின் பழைய இரும்புக் கடை.
வளைந்த சைக்கிள் றிம்கள்,
தண்ணீர்ப் பம்பியின் வயிறு, தையல் மெசினின் கால்,
எல்லாவற்றுக்கும் அடியில் தலைகீழாய்
ஒரு தேன்கூட்டு முகம்.
பக்கச் சட்டத்தில் நாலு துளை.
பத்திநாதன் முடிச்சுப் போட்டுத் தந்த அளவுநூல்
கைப்பையில் கிடந்தது.
எடுக்கவில்லை. நூலைக் கண்டால் விலை ஏறும்.
செருப்பைச் சரிசெய்பவள்போல் குனிந்து
சாண் வைத்துப் பார்த்தேன்.
இரண்டு சாண், ஒரு கட்டைவிரல்.
சரி.

"உது என்ன விலை தம்பி?"
என் கண் தையல் மெசினில்.
"செம்பும் பித்தளையும் கலந்தது. கிலோ ஆயிரத்து நானூறு."
தராசில் வைத்தான். பதினொன்று.
பதினையாயிரத்து நானூறு.
நானூறு ரூபாய்க்கு நான் எங்கே போவேன்?
"உள்ளுக்குச் சேறு கிடக்கு. தட்டிப்போட்டு நிறுங்கோ.
மண்ணுக்கும் செம்பு விலையோ?"
தட்டினான்.
குளவிக்கூடு ஒன்று உடைந்து விழுந்தது, பிறகு மண்,
பிறகு காய்ந்த ஓணானின் பாதி.
பத்துக் கிலோ எழுநூறு.
பதினாலாயிரத்துத் தொளாயிரத்து எண்பது.

மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளே போனவன்
வளைந்த கறுப்பு ஹோஸ் ஒன்றோடு வந்தான்.
"இதையும் கொண்டு போங்கோ அக்கா.
உங்கட வண்டிக்குத்தான் வரும்.
நானும் எத்தினை நாளைக்கு வைச்சிருக்கிறது?"
வண்டியின் பெயரை
நான் ஒரு தரமும் சொல்லியிருக்கவில்லை.

ஓரிடத்தில் ஒழுகியது.
பத்திநாதன் ஈயம் வைத்தான். காசு பிறகு என்றான்,
கிணற்றுத் தண்ணி விட்டால் இனி என்னட்டை வராதேங்கோ என்றான்.
மிச்சம் இருந்த இருபது ரூபாயை
சந்தியில் உள்ள சுத்திகரிப்புக் குழாயில் போட்டேன்.
பத்து லீற்றர் வந்தது.
முழுக்க வண்டிக்குள் போயிற்று,
ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

முள் பாதியில் நிற்கிறது. மணலில் ஏறிவிட்டோம்.
எனக்குத் தாகம்.
இருக்கைக்கு அடியில் என் போத்தல்,
வீட்டில் அள்ளியது.
அடியில் மெல்லிய வெள்ளை.
குலுக்காமல் குடிக்கிறேன்.