பதினொரு லிட்டர்

பாடாங் செராய் பெரிய சாலையில்
டயர் கடைக்கும் சீன மருந்துக்கடைக்கும் நடுவே
எங்கள் பட்டறை.
கண்ணாடி மாதிரி, ஆனால் கண்ணாடி இல்லை என்று
வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே
அக்ரிலிக் அறுக்கிறோம்.

சோதனை இயந்திரம் வாங்க தவுக்கே ஓங் மாட்டார்.
நீளக் குழாய் ஒன்று, முளை ஒன்று, சாய வாளி ஒன்று.
நெம்புகோல் கணக்கு ஒன்றுக்குப் பத்து:
ஒரு லிட்டர் ஊற்றினால் பத்துக் கிலோ இழுக்கும்.
நான் ஊற்றுவேன். மோகனசுந்தரி எழுதுவாள்.

பசை போட்ட துண்டு: இருபத்தொன்று.
ஒட்டிய இடம் விடவில்லை,
பக்கத்தில் சும்மா இருந்த இடம் பிய்ந்தது.
"பாரேன்," என்றாள். அதை எழுதவில்லை.

போல்ட் போட்ட துண்டு:
பதினொன்று வரை ஊற்றினேன்.
வாளி ஆடவில்லை. துண்டு முனகவில்லை.
'தாங்கும்' என்று எழுதிவிட்டுப்
பசியாறப் போனோம்.

திரும்பினால் தரையெல்லாம் தண்ணீர்.
துளையிலிருந்து விளிம்புக்கு ஒரே கோடு.
யாரும் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை.
எடை அதேதான்.
நேரம் மட்டும் கூடியிருந்தது,
ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் அளவுக்கு.

உடைந்ததை வெளிச்சத்தில் சாய்த்தேன்.
துளையைச் சுற்றி நரை முடி போல வெள்ளிக் கீறல்கள்.
விக்னராஜா மெஷின் வைத்து முறுக்கியது.
"இறுக்குனா பலம்னு நெனச்சேன்கா."
இரும்புக்குச் சரி தம்பி.
இது வளைந்து காட்டாது. முன்கூட்டிச் சொல்லாது.

மோகனசுந்தரி பேனாவை மூடினாள்.
"போன வாரம் தமிழ்ப்பள்ளியில மாட்டுனது
யாரு முறுக்குனது?"

மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், ஒரு ஏணி.
முன்னால் செம்பனை லோரி,
அது சிந்திய பழங்களில் சக்கரம் வழுக்கியது.

சுவரில் வெற்றிக் கிண்ணங்கள் பதினாலு,
சதுரங்கம், குறுக்கோட்டம், எதற்கென்றே தெரியாத ஒன்று.
கீழே பெஞ்சு,
முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் காலணி மாட்டும் இடம்.

தலைமையாசிரியர் கதிர்காமன் நிமிர்ந்து பார்த்தார்.
"நல்லாத்தானே இருக்கு?"
"ஆமா சார். இன்னும்."

டார்ச்சைச் சாய்த்து அடித்தேன்.
எட்டுத் துளையில் மூன்றில் நரை.
பெஞ்சை இழுத்துப் போட்டோம். கிண்ணங்களை இறக்கினோம்.
மூன்று நட்டும் கழலும்போது
பலகை லேசாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது,
அல்லது அது நானாக இருக்கலாம்.

புதுப் பலகைக்கு யார் காசு என்று
தவுக்கே போனில் கத்திக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு வந்து மோகனசுந்தரி நோட்டைத் திறந்தாள்.
'தாங்கும்' என்பதை அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினாள்:
நாற்பது நிமிடம்.