வாய்ப்பாடு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டி
உரக்கடை மாடியில் ஓர் அறை.
முன்பணத்துக்கு ஒரு ஜோடித் தோடு போயிற்று.
யூரியா நெடியில் ஜமுக்காளத்தை விரித்து
வரப்போகிறவர்களுக்கு இடம் விட்டுச்
சுவரோரமாக உட்கார்ந்தேன்.

ஐந்நூறு நோட்டீஸ், மஞ்சள் தாள்.
வாய்ப்பாட்டில் ஒரு ட்-ஐ
விழுங்கியிருந்தான் அச்சகத்துப் பையன்.
‘இவ்விடம் வாய்ப்பாடு கற்றுத் தரப்படும்.
ஐந்து வயது முதல். தனிக் கவனம்.’
நான் கவனித்தபோது
பெரியகோவில் தெரு வரைக்கும் பசை காய்ந்துவிட்டது.

சுருதிப்பெட்டி என் போனில்தான்.
அழைப்பு வந்தால் சுருதி அறுந்துவிடும்.
அறுந்துவிடாதா என்றே
காலையில் சாதகம், மாலையில் சாதகம்.

அறுந்தபோதெல்லாம்,
‘பதினாறு வரைக்கும் எத்தனை நாள்ல முடிப்பீங்க?’
‘அபாகஸ் உண்டா மேடம்?’
வீணைப் படத்தைப் பார்த்து
ஓர் அம்மா மட்டும் சரியாகப் பிடித்தாள்.
‘பாட்டுக்கு நானூறா? சயின்ஸ் டியூஷனே முந்நூறுதான்.
எத்தனை மாசத்துல மேடை ஏறுவா?’
குழந்தைக்கு என்ன வயது என்றேன்.
மூன்றரை.

வீட்டில் எட்டுப் பேர் என்று சொல்லியிருந்தேன்.
எட்டுப் பேருக்கும் பெயர் வைத்தாயிற்று.
அதில் ஒருத்திக்குக்
குரல் கொஞ்சம் மூக்கால் வரும்.
அப்பா அவளைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்பார்.

ஆடிக் கடைசியில் ஒரு மத்தியானம்
செங்கமலம் படியேறி வந்தாள்.
கேட்டில் நிற்கும் பஸ்களுக்கு
வெள்ளரிப்பிஞ்சு விற்பவள்.
என்னைவிட இருபது வயதாவது மூத்தவள்.
கூடையை இறக்கினாள், கையைத் துடைத்தாள்.
‘ஏழாம் வாய்ப்பாடு வரமாட்டேங்குது டீச்சர்.
கூறு கட்டுறது ஏழேழாத்தான். எண்ணுறப்ப தடுமாறுது.’

அச்சுப்பிழை என்று சொல்லியிருக்கலாம்.
வாடகைக்கு நான்கு நாள் இருந்தது.
உட்காருங்க என்றேன்.

ஏழு என்றால் எனக்குத் தெரிந்தது மிஸ்ரம்தான்.
தொடையில் தட்டச் சொன்னேன், மூன்றும் நாலுமாக.
தகிட தகதிமி.
ஓரேழு ஏழு
ஈரேழு பதினாலு
மூவேழு இருபத்தொண்ணு
கீழே நெல் வேகன்கள் நகரத் தொடங்கின,
அவற்றுக்கு வேறு கணக்கு.
போனில் சுருதி ஓடிக்கொண்டிருந்தது.
நாலேழு இருபத்தெட்டில் அவள்
யாரும் சொல்லாமலே
பஞ்சமத்தில் போய் நின்றாள்.
பஸ் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தே
வருஷக்கணக்காய்க் கூவின தொண்டை.
நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.
அவள் நிறுத்தவில்லை.

வாரம் ஐம்பது ரூபாய், மடியிலிருந்து,
சில வாரம் ஈரமாக.
எட்டுக்கு ஆதி. ஐந்துக்குக் கண்டம்.
ஒன்பதைச் சங்கீர்ணத்தில் போட்டபோது
என் கையே தப்பிற்று,
அவள் கை தப்பவில்லை.
ஐப்பசி மழையில் பன்னிரண்டும் முடிந்தது.
இனிச் சொல்லித்தர என்னிடம் கணக்கில்லை.
சொல்லிவிட்டேன், அச்சகத்துப் பையன் விழுங்கிய எழுத்தை.

செங்கமலம் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.
‘நோட்டீசுல வீணை போட்டிருந்துச்சே.
வாய்ப்பாட்டுக்கு எதுக்கு வீணை?
கணக்குல என்னை ஒருத்தன் ஏமாத்திற முடியுமா,
இந்த கேட்டுல?
பாட்டுன்னு வந்து நின்னா சிரிப்பீங்க.
அதான் ஏழுன்னு சொன்னேன்.’

கேட் போடும் மணி அடித்தது.
மன்னார்குடி வண்டியின் ஹாரன்.
கூடையோடு பாதிப் படி இறங்கியவள்
திரும்பாமலே கேட்டாள்,
‘நாளைக்கு நோட்டு ஒண்ணு வாங்கியாரவா?’

அன்றிரவு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்,
மூக்கால் பாடுகிற பெண் தேறிவிட்டாளா என்று.
நின்றுவிட்டாள் என்றேன்.
வேறொருத்தி சேர்ந்திருக்கிறாள்.
ஸ பிடிப்பதற்கு முன்னாலேயே
ப பிடித்தவள்.